சேலை வாங்கப் போன வியாழக்கிழமை

சங்கரன்கோவிலில் பிள்ளை பெற்ற பெண்களில் என்னைத் தெரியாதவர்கள் குறைவு. மாசமாக இருக்கிறவர்கள் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு வந்தால், மற்ற ரத்தப் பரிசோதனைகளோடு எச்.ஐ.வி. பரிசோதனையும் உண்டு. அதற்கு முன்னால் இரண்டு நிமிஷம் பேசி, இது எதற்கு என்று சொல்லி, சம்மதம் வாங்குவது என் வேலை. வாசலில் நம்பிக்கை மையம் என்று பலகை தொங்குகிறது. ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. 'அந்த ரூம்' என்பார்கள். நான் அந்த ரூம் அக்கா.

இத்தனை பேருக்குத் தெரிந்த முகம்தான். ஆனால் தெருவில் என்னைப் பார்த்துச் சிரிக்கிறவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அவர்கள் மேல் தப்பில்லை. எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. வெளியே யாரைப் பார்த்தாலும் நாமாக முதலில் பேசக்கூடாது. தெரிந்த மாதிரிப் பார்க்கவும் கூடாது. அவர்கள் பேசினால் பேசலாம். பார்க்காமல் போனால் நாமும் பார்க்காமல் போக வேண்டும். நான் பாட்டுக்கு ஒருத்தியை நிறுத்தி 'எப்படிம்மா இருக்கே' என்று கேட்டுவிட்டால், பக்கத்தில் நிற்கிறவள் 'இவளை அந்த அக்காவுக்கு எப்படித் தெரியும்' என்று யோசிப்பாள். அந்த யோசனை சாயங்காலத்துக்குள் நாலு தெருவுக்குப் போய்விடும்.

இப்படியே பழகிப் பழகி, கடைவீதியில் நான் நடந்தால் எனக்கு முன்னால் இரண்டடி இடம் தானாகக் காலியாகும். நோய் உள்ளவர்கள் ஒதுங்குவதில் ஒரு அர்த்தம் இருக்கிறது. ஒன்றுமே இல்லாதவர்களும் ஒதுங்குகிறார்கள், அதுதான் எனக்கு ஆத்திரம். சித்தி மகள் கல்யாணத்துக்கே, 'நீ சாப்பாட்டு நேரத்துக்கு வந்தால் போதும், முன்னால் எல்லாம் நிற்க வேண்டாம்' என்று பக்குவமாகச் சொன்னார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஏதாவது நினைத்துக்கொள்வார்களாம். நான் சாப்பாட்டு நேரத்துக்கும் போகவில்லை.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பார்க்க வந்த ஒருவரின் அம்மா, நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும், கையில் வாங்கிய காபியைக் குடிக்காமல் அப்படியே கீழே வைத்தார். எங்கம்மா விடவில்லை. எங்க பொண்ணு ஊசி எல்லாம் தொடமாட்டாள், வாயால் பேசுகிற வேலைதான் என்று அவர்கள் கார் ஏறும் வரை பின்னாலேயே போய்ச் சொன்னாள். அம்மாவும் போய் எட்டு வருஷம் ஆகிறது. இப்போது மாடி வீட்டில் தனியாக இருக்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், நோய் இருக்கிறது என்று தெரிந்தால் வீட்டை விட்டே விரட்டுவார்கள். இப்போது அப்படி இல்லை. இப்போது மரியாதையாக விலகுகிறார்கள். கல்லூரிகளில் பேசக் கூப்பிடுகிறார்கள். எப்படியெல்லாம் பரவாது என்று கேட்டால் பிள்ளைகள் மடமடவென்று ஒப்பிக்கிறார்கள். கொசு கடித்தால் பரவாது, கைகொடுத்தால் பரவாது, ஒரே தட்டில் சாப்பிட்டால் பரவாது. நூற்றுக்கு நூறு. ஒரு கல்லூரியில் பேசி முடித்ததும், நான் தண்ணீர் குடித்த டம்ளரை மட்டும் உதவியாளர் ஒருவர் ஒரு பேப்பரால் பிடித்துத் தனியாக எடுத்துப் போனார். எனக்கு அந்த நோய் இல்லை என்பதும் அவருக்குத் தெரியும். போகட்டும் என்று விட்டுவிட்டேன். எல்லோரிடமும் சண்டை போட்டுக்கொண்டிருந்தால் வேலை ஓடாது.

நான் சொல்ல வந்தவள் மாசமாகி மூன்றாம் மாசத்தில் வந்தாள். இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். எந்தத் தெரு என்று எழுதமாட்டேன். தறிச் சத்தம் கேட்கிற தெரு, அவ்வளவுதான்; அப்படி இந்த ஊரில் எத்தனை இருக்கிறது, நீங்களே தேடிக்கொள்ளுங்கள். பிள்ளை ஆணா பெண்ணா என்பதைக்கூட மாற்றித்தான் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். புருஷன் விசைத்தறி ஓட்டுகிறவன். கல்யாணத்துக்கு முன்னால் சில வருஷம் வெளி மாநிலத்தில் இருந்துவிட்டு வந்தவன்.

பரிசோதனையில் இருக்கிறது என்று வந்தது. ஒன்றுக்கு மூன்று தடவை பார்த்துத்தான் சொல்வோம். சொன்னதும் சிலர் அழுவார்கள். சிலர் நம்மைத் திட்டுவார்கள். இவள் கைப்பையைத் திறந்து ஒரு கர்சீப்பை எடுத்து விரித்தாள். பிறகு அதை நாலாக மடித்துத் திரும்ப உள்ளே வைத்தாள். தனக்கு என்ன ஆகும் என்று கேட்கவில்லை. யாரால் வந்தது என்றும் கேட்கவில்லை.

"பிள்ளைக்கு வருமா?" என்றாள்.

வராமல் தடுக்கலாம், அதற்கு மருந்து இருக்கிறது என்றேன். இன்றைக்கே ஆரம்பித்து ஒரு நாள் விடாமல் மாத்திரை சாப்பிட்டால், பிறந்த பிள்ளைக்கும் ஆறு வாரம் சொட்டு மருந்து கொடுத்தால், ஒன்றும் இல்லாத பிள்ளையாக வளர்க்கலாம், எத்தனையோ பேர் அப்படி வளர்க்கிறார்கள் என்றேன்.

"உறுதியாச் சொல்லுதியளா?"

உறுதியாகச் சொல்லக்கூடாது. வாய்ப்பு மிக மிகக் குறைவு என்றுதான் சொல்ல வேண்டும், எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் அப்படி அளந்து பேச முடியவில்லை. நீ மாத்திரையை விடாமல் சாப்பிடு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

புருஷனுக்கும் பார்த்தோம். அவனுக்கும் இருந்தது. அவன்தான் அழுதான். ஒரே ஒரு விஷயத்தில் இரண்டு பேரும் பிடிவாதமாக இருந்தார்கள். மாமியாருக்குத் தெரியக்கூடாது. பெற்ற தாய் இல்லாத பெண் அவள். வளைகாப்பு, பிரசவம், பிள்ளை வளர்ப்பு எல்லாமே மாமியார் வீட்டில்தான். அந்த வீட்டில் ஒரு பேச்சு வந்துவிட்டால் அவளுக்குப் போக வேறு வாசல் இல்லை.

மாத்திரையை ஒரு சத்து மாத்திரை டப்பாவுக்குள் மாற்றி வைத்துக்கொள்ளச் சொன்னேன். அடுத்த மாசம் வந்தபோது சிரித்துக்கொண்டே சொன்னாள், தினமும் ராத்திரி 'சத்து மாத்திரை தின்னியாட்டி' என்று ஞாபகப்படுத்துகிறதே மாமியார்தானாம். ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை. அந்த அம்மாள் கெட்டவள் இல்லை. மருமகளுக்கு முதுகு வலித்தால் நல்லெண்ணெய் தேய்த்துவிடுகிற ஆள்.

மாசம் ஒருமுறை அவள் வருவாள். வேலை பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பாள். தறிச் சத்தத்தில் பிறக்கப்போகிற பிள்ளைக்குக் காது கேட்குமா, சாமி பேர் வைக்கலாமா, ஸ்டைலாக வைக்கலாமா, இப்படி. என்னை யக்கா என்பாள். நான் தினமும் பழைய சேலைதான் கட்டிக்கொண்டு போவேன். அவள் வருகிற நாளில் மட்டும் கொஞ்சம் நல்லதாக எடுத்துக் கட்டுவேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. உண்மை அதுதான்.

பிள்ளை பிறந்த அன்று காலையில் நான் வார்டுக்குப் போனேன். மாமியார் வெந்நீர் வாங்க வெளியே போயிருந்தார். இந்தப் பக்கம் பிறந்த பிள்ளைக்கு முதலில் சேனை வைப்பார்கள். நல்ல குணமுள்ள ஒரு ஆள் சீனித் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைக்க வேண்டும், வைத்தவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். இந்தப் பிள்ளைக்கு அது கூடாது. நர்ஸ் ஏற்கெனவே சத்தம் போட்டு, கொண்டுவந்த சீனியைத் திருப்பி அனுப்பியிருந்தார். சொட்டு மருந்தைக் குழாயில் எடுத்து என் கையில் கொடுத்து, நீங்களே கொடுங்க மேடம் என்றார். கொடுத்தேன். பிள்ளை முகத்தைச் சுளித்து, சப்புக்கொட்டி விழுங்கியது.

"போச்சு, ஒங்க கோவம் அப்படியே இவனுக்கு வரப்போகுது," என்று படுத்தபடியே சிரித்தாள் அவள்.

அதற்குப் பிறகு அவளுக்கு நான் சொன்னது ஒன்றே ஒன்று. ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும். சீனித் தண்ணீர், தேன், பசும்பால், டப்பாப் பால் எதுவும் உள்ளே போகக்கூடாது. இரண்டும் கலந்து கொடுத்தால் பிள்ளையின் குடல் புண்ணாகும், கிருமி உள்ளே போக அது வழி விட்டுவிடும். சொட்டு மருந்தை வயிற்று மருந்து என்று வீட்டில் சொல்லிக்கொள்ளட்டும். ஆறு வாரம் முடிந்ததும், குறிப்பிட்ட செவ்வாய்க்கிழமை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். குதிகாலில் குத்தி ஒரு அட்டையில் ரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவோம்.

செவ்வாய்க்கிழமை அவள் வரவில்லை. போன் போட்டேன், அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது. புதன்கிழமையும் அப்படியே. வீடுகளுக்குப் போய்ப் பார்த்துவருகிற களப்பணியாளர் தன் அண்ணன் கல்யாணத்துக்கு ஒரு வாரம் லீவில் போயிருந்தாள். முதலில் எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு படித்துப் படித்துச் சொல்லியும் இப்படிச் செய்கிறாளே என்று. மத்தியானத்துக்கு மேல் பயம் வந்தது. சொட்டு மருந்து தீர்ந்திருக்கும். பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருக்குமோ, அவளுக்கு ஏதாவது ஆகியிருக்குமோ.

வியாழக்கிழமை காலையில் நானே போனேன். போகக்கூடாது என்று தெரியாமல் போகவில்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அதைப் பாடமாகச் சொல்கிறதே நான்தான். நாம் மிதித்த வாசலை அந்தத் தெருவே பார்க்கும் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். அந்த வீட்டில் நேரடியாகச் சேலை விற்பார்கள் என்று அவள் சொல்லியிருந்தாள். அதைப் பிடித்துக்கொண்டேன். புளியங்குடியிலிருந்து வருகிறேன், சொந்தத்தில் கல்யாணம், சேலை எடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு உள்ளே நுழைந்தேன்.

மாமியார் பாய் விரித்து, தண்ணீர் கொடுத்து, சேலைகளை ஒவ்வொன்றாக உதறிப் போட்டார். பின்கட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. என் குரல் கேட்டிருக்க வேண்டும், அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடை வரைக்கும் வந்தாள். பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது. ஆனால் நான் சொல்லிக்கொடுத்திருந்ததை அவள் மறக்கவில்லை. முன்பின் தெரியாத ஒருத்தியைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தாள்.

நான் ஒன்றும் கேட்காமலே மாமியார் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். பேரன் பிறந்து நாற்பத்தொரு நாள் முடிந்துவிட்டதாம். நாற்பத்தொன்று முடிந்தாலும் முதல் நடை கோமதியம்மன் சந்நிதிக்குத்தானாம். திங்கட்கிழமை நாள் நன்றாக இருக்கிறது, கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே ஆஸ்பத்திரிக்கும் தூக்கிப்போக வேண்டும் என்றார். செல்போன் பச்சைப் பிள்ளைக்கு ஆகாது என்று, மருமகளுடையதை அணைத்துப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன் என்றும் சொன்னார்.

அவ்வளவுதான் விஷயம். திங்கட்கிழமை அவள் வந்திருப்பாள். மருந்து, பிள்ளை எல்லாம் சரியாக இருந்தது. நான் ஒரு சேலையை எடுத்துக்கொண்டு எழுந்திருக்க வேண்டியதுதான். எழுந்திருக்கவில்லை. 'பேரனப் பாக்கியளா' என்று மாமியார் கேட்டார். நான் கையை நீட்டிவிட்டேன். பாலும் எண்ணெயும் கலந்த ஒரு வாசம். மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கால் மணி நேரம் இருக்கும். ஒரு வீட்டில் பாயில் உட்காரவைத்து, பிள்ளையைக் கையில் கொடுத்து, யாரும் என்னிடம் பேசி எத்தனையோ நாள் ஆகியிருந்தது. இதை வேறு எப்படிச் சொன்னாலும் பொய்.

அந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டுப் பெண் இடுப்பில் தன் பிள்ளையோடு உள்ளே வந்தாள். என்னைப் பார்த்ததும் சந்தோஷமாகச் சிரித்தாள். அவளுக்கு ஒன்றும் கிடையாது. எல்லோரையும் போல மாசமாக இருந்தபோது இரண்டு நிமிஷம் என் முன்னால் உட்கார்ந்திருந்தவள்.

"யக்கா, ஆஸ்பத்திரில அந்த ரூம்ல இருப்பியள்லா, நீங்க எங்க இங்கன?" என்றாள்.

மாமியார் என்னைப் பார்த்தார்.

"புளியங்குடின்னு சொன்னிய?"

எடுத்த எடுப்பிலேயே, ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறேன், புதுப் பிள்ளைகளைப் பார்க்க வந்தேன் என்று சொல்லியிருந்தால் ஒன்றுமே நடந்திருக்காது. நர்ஸுகள் தெருத்தெருவாகப் போகிறார்கள், அதில் நானும் ஒருத்தி என்று நினைத்திருப்பார்கள். நான் சொன்ன பொய்தான் என்னைக் காட்டிக்கொடுத்தது. ஆஸ்பத்திரியில் வேலை, ஊர் புளியங்குடி என்று ஏதோ உளறினேன். பிள்ளையை அவள் வந்து வாங்கிக்கொண்டாள். இரண்டு சேலைகளை எடுத்துக்கொண்டு, அந்தத் தெருவைத் தாண்டும் வரை திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

திங்கட்கிழமை அவள் வரவில்லை. செவ்வாய்க்கிழமை அவள் புருஷன் வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே சொன்னான். நான் போன வியாழக்கிழமை சாயங்காலமே அவன் அம்மா பக்கத்து வீட்டில் போய் 'அந்த ரூம்' என்றால் என்ன என்று கேட்டுவிட்டாள். மறுநாள் காலையில் சத்து மாத்திரை டப்பாவை எடுத்துக்கொண்டு போய் மருந்துக் கடையில் காட்டியிருக்கிறாள். வந்து ஒரு வார்த்தை பேசவில்லை. டப்பாவைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. மருமகளுக்குத் தட்டும் டம்ளரும் தனியாக வைத்தாள். பிள்ளையை அவள் மடியிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய், டப்பாப் பால் வாங்கிக் கரைத்துக் கொடுத்திருக்கிறாள். பிள்ளை அழுகிறபோது மாமியார் அசந்த நேரம் பார்த்து இவள் போய்ப் பால் கொடுத்திருக்கிறாள்.

வெள்ளிக்கிழமையிலிருந்து அவளுக்கு மாத்திரை இல்லை. அந்த நாட்களில்தான் பிள்ளைக்கு இரண்டு பாலும் கலந்து போயிருக்கிறது. எது நடக்கக்கூடாது என்று ஏழெட்டு மாசம் வாய் வலிக்கப் பேசினேனோ, அதை நானே போய் நடத்திவைத்துவிட்டு வந்திருக்கிறேன். நான் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பேசுகிறேன் என்றேன்.

"வேண்டாம். நீங்க வந்த வரைக்கும் போதும்," என்றான் அவன்.

அவன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அவளுக்கு வேண்டிய மாத்திரையை மட்டும் அவன் கையில் கொடுத்தனுப்பினேன். அம்மாவை எப்படியாவது இங்கே கூட்டிக்கொண்டு வா என்று கெஞ்சினேன்.

புதன்கிழமை மாமியார் வந்தார். மகன் சுவரோரம் நின்றான். அந்த அம்மாள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார். மேஜையில் அவர் கை படவே இல்லை. நான் பேசினேன். சேர்ந்து சாப்பிட்டால் வராது, தொட்டால் வராது, பிள்ளைக்கு இப்போது இரண்டு பாலும் கலந்தால்தான் ஆபத்து, அவள் மாத்திரை சாப்பிடாவிட்டால்தான் ஆபத்து என்று ஒரு மணி நேரம் பேசினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"எம் மவன் நல்லாத்தான இருந்தான்? இவ வந்த பொறவுதான இது வந்துச்சு?"

யாரிடமிருந்து யாருக்கு என்று நான் சொல்லக்கூடாது. அது அவர்கள் சொல்ல வேண்டியது. நான் அவனைப் பார்த்தேன். ஒரு வார்த்தை, 'என்ட்டருந்துதாம்மா' என்று ஒரே ஒரு வார்த்தை அவன் சொன்னால் போதும். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்து போய் அவன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. பிறகு, அந்த வீட்டில் நான் புளியங்குடி என்று உளறியது ஞாபகம் வந்தது. அவனைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

மாமியார் கடைசியில் இறங்கிவந்தது பேரனுக்காகத்தான். தாய்ப்பால் மட்டும் கொடுத்தால் பேரனுக்கு வராதா என்று இரண்டு தடவை கேட்டார். பையிலிருந்து அந்த டப்பாவை எடுத்து மேஜையில் வைக்காமல், மகன் கையில் கொடுத்தார். மறுநாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மூன்று பேரும் வந்தார்கள். குதிகாலில் குத்தியபோது பிள்ளை வீறிட்டது. அவள் என்னைப் பார்க்கவே இல்லை. நர்ஸிடம்தான் எல்லாம் கேட்டாள்.

அந்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தது. ஆனால் அந்த நாட்களில் ஏதாவது நடந்திருந்தால் அது இவ்வளவு சீக்கிரம் தெரியாது. பயப்பட அதிகம் இல்லை, அதுவரை மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கிறாள் என்று டாக்டர் சொன்னார். ஆறு மாசத்தில் ஒரு தடவை, ஒரு வயதில் ஒரு தடவை, ஒன்றரை வயதில் கடைசியாக ஒரு தடவை பார்த்த பிறகுதான் பிள்ளைக்கு இல்லை என்று கோப்பை மூட முடியும்.

கோப்பு என் கையில் இல்லை. தெருவில் பேச்சு முற்றிப்போய், அவர்களிடம் நூல் கொடுத்து நெய்து வாங்கிக்கொண்டிருந்தவர் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன பிறகு, ஒரு மாசத்துக்குள் அவர்கள் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். காகிதங்கள் அங்கே மாற்றலாகிப் போயின. அங்கே என் வேலையைப் பார்க்கிற ஆலோசகரிடம் ஒரு தடவை போனில் கேட்டேன். ஒழுங்காக வருகிறார்கள் என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். அதற்கு மேல் கேட்க எனக்கு உரிமை கிடையாது. அவர் இடத்தில் இருந்தால் நானும் சொல்லியிருக்கமாட்டேன்.

அந்த ஒன்றேகால் வருஷத்தை எப்படிக் கழித்தேன் என்று கேட்டால், கழித்தேன், அவ்வளவுதான். நான் செய்த தப்பை யாரிடமும் சொல்லி அழ முடியாது. சொன்னால் அதுவும் தப்பு. தங்கை போனில் கூப்பிட்டு ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கிறது என்பாள். வெயில் என்பேன், மழை என்பேன். ஆடித்தபசுக் கூட்டத்தில் ரத வீதி ஓரமாக நின்றபோது, தோளில் தூக்கிவைத்த பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வயதுப் பிள்ளை என்றால் இவ்வளவு உயரம் இருக்கும், இப்படித் தலை ஆட்டும் என்று மனசுக்குள் ஒரு கணக்கு. என்னைச் சுற்றி லட்சம் பேர் நின்றார்கள். அதில் எனக்குத் தெரிந்தவர்கள் நிச்சயமாக ஆயிரம் பேராவது இருந்திருப்பார்கள். ஒருவரோடும் பேசாமல் சாமி பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அந்த இரண்டு சேலைகளும் பீரோவில்தான் இருக்கின்றன, மடிப்புக்கூடக் கலைக்கவில்லை.

போன மாசம் ஒரு மத்தியானம், அறையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. தெரியாத எண்.

"யக்கா, நாந்தான்," என்றாள்.

சாப்பாட்டு டப்பாவை ஓரமாக நகர்த்தி வைத்தேன். பின்னால் தையல் மெஷின்களின் சத்தம் கேட்டது.

"கடைசி டெஸ்ட்டும் பாத்தாச்சு. இவனுக்கு ஒண்ணும் இல்லன்னு எழுதிக் குடுத்துட்டாவ."

பிறகு மெதுவாக மற்றதைச் சொன்னாள். மாத்திரை விடாமல் சாப்பிடுகிறாளாம். மாமியார் அவர்களோடுதான் இருக்கிறாராம். போன தீபாவளிக்கு அவன் தன் அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டானாம். அவர் இரண்டு நாள் சாப்பிடவில்லையாம், அப்புறம் தனித் தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டாராம். என்னை மன்னித்துக்கொள் என்று சொல்ல ஒன்றேகால் வருஷமாக வாக்கியம் வாக்கியமாகக் கோர்த்து வைத்திருந்தேன். நான் அன்னைக்கு வந்திருக்கக் கூடாதும்மா என்று மட்டும் சொன்னேன்.

"அத விடுங்கக்கா," என்றாள். "ஒண்ணு சொல்லுதேன், தப்பா நெனைக்காதிய. இந்த நம்பர அழிச்சிருங்க. நானும் ஒங்க நம்பர அழிச்சிருதேன். இவனுக்கு வெவரம் தெரிஞ்சு, இது யாரும்மான்னு ஒங்களப் பத்திக் கேட்டா, நான் என்னன்னு சொல்லுவேன்?"

சரிம்மா என்றேன். அவள் கேட்டது நியாயம். அந்தப் பிள்ளை நான் யார் என்று தெரியாமல் வளர வேண்டும் என்பதற்குத்தானே இவ்வளவு பாடும். நல்லா இருங்க எல்லோரும் என்று சொன்னேன். வச்சிருதேன் யக்கா என்று சொல்லி வைத்துவிட்டாள். நான் எண்ணை அழித்தேன். உண்மையாகவே அழிக்க வேண்டுமா என்று போன் ஒரு தடவை கேட்டது. ஆமாம் என்று அழுத்தினேன்.

எதிர் மேஜையில் லேப் டெக்னீஷியன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, யாரு மேடம், ஏதும் பிரச்சினையா என்று கேட்டார். என் ஆயுசில் எனக்கு வந்த நல்ல செய்தி அதுதான். எழுந்து நின்று கத்திச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

"ராங் நம்பர்," என்றேன்.

அவர் என்னோடு அந்த அறையில் பத்து வருஷமாக இருக்கிறவர். ராங் நம்பரோடு இவ்வளவு நேரமா பேசினீர்கள் என்று கேட்கவில்லை. தன் டப்பாவிலிருந்து ஒரு கரண்டி பொரியலை எடுத்து என் டப்பா மூடியில் வைத்துவிட்டு, தலையைக் குனிந்து சாப்பிட ஆரம்பித்தார்.